கண்ட சாட்சியைக் கைவிடாதீர்கள்

(போடிநாயக்கனூரில் தோட்டத் தொழிலாளரும் சிறு வியாபாரிகளும் கூடியிருந்த கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



தலைவரவர்கள் என்னைப்பற்றி அதிகமாகவே புகழ்ந்துவிட்டார். நான் கம்ப்யூட்டர் சாஸ்திரம் படித்துப் பட்டம் பெற்றவனல்ல. உங்களைப்போலவே அந்தத் திரைக்கு முன்னால் கைகட்டி நின்று அவஸ்தைப்பட்டவன். பட்ட அவஸ்தையில் தெரிந்துகொண்ட இரண்டொரு சங்கதிகளைச் சொல்லிப் போகவே வந்திருக்கிறேன். நான் சொல்லுகிறேன் என்பதற்காக எதையும் நீங்கள் நம்பவேண்டியதில்லை. வீட்டுக்குப் போய், கையிலிருக்கும் போனில் செய்து பாருங்கள். சரியென்று பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தள்ளிவிடுங்கள்.

விஷயம் மிகவும் சின்ன விஷயம். கம்ப்யூட்டரிலோ போனிலோ ஒரு காரியம் கெட்டுப்போனால், கெட்டுப்போன அந்த நிமிஷத்திலேயே திரையை அப்படியே படம் பிடித்து வைத்துக்கொள்ளவேண்டும் என்பதுதான். இதற்கு ஸ்கிரீன்ஷாட் என்று பெயர். நடப்பதை நடக்கிறபடியே ஓடும் படமாய்ப் பிடித்தால் அதற்கு ஸ்கிரீன் ரெக்கார்டிங் என்று பெயர். “இதற்காகவா ஒரு கூட்டம்?” என்று சிலர் நினைக்கலாம். இந்தச் சின்னக் காரியத்தைச் செய்யாததால் எத்தனை பேர் கூலியையும், படிப்புப் பணத்தையும், மானத்தையும் இழந்திருக்கிறார்கள் என்று கேட்ட பிறகு, இதற்காகக் கூடலாமா கூடாதா என்பதை நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

சாட்சி போன விதம்

இந்த ஊர் ஏலக்காய் ஊர். மேலே மலையில் காய் எடுத்து, ஸ்டோரில் உலர்த்தி, கீழே கொண்டுவந்து, பெண்கள் உட்கார்ந்து தரம் பிரித்து, மூட்டை கட்டி விற்கிற தொழிலில்தான் இந்த ஊரின் சோறு இருக்கிறது. முன்பெல்லாம் ஏலம் எப்படி நடந்தது என்று வயதானவர்களுக்குத் தெரியும். ஒருவர் விலையைக் கூவுவார்; வியாபாரிகள் சத்தம் போட்டு மேலே கேட்பார்கள். இன்ன லாட்டு, இன்ன விலை, இன்னாருக்கு என்று முடிந்தால் அந்த அறையில் இருந்த அத்தனை காதுகளும் அதற்குச் சாட்சி. நாளைக்கு ஒருவன் “நான் அந்த விலை கேட்கவில்லை” என்று புரட்டிப் பேசினால், “நான் கேட்டேனே” என்று பத்துப் பேர் எழுந்து நிற்பார்கள்.

2007-ஆம் வருஷத்தில் ஸ்பைசஸ் போர்டு இந்தப் போடியில் கம்ப்யூட்டர் ஏலத்தைக் கொண்டுவந்தது. அது நல்ல காரியம் என்றே நான் சொல்லுவேன். யார் கேட்கிறார்கள் என்று முகம் பார்த்து விலையை அமுக்குகிற வித்தைக்கு அது ஓரளவு முடிவு கட்டிற்று. பிறகு 2021-ல் போடியிலும் இடுக்கிப் பக்கத்துப் புத்தடியிலும் இருக்கிற வியாபாரிகள் ஒரே சமயத்தில் கலந்துகொள்ளும்படியான ஏற்பாடும் வந்தது. 2019 ஆகஸ்டில் ஒரு லாட்டு கிலோ 7,000 ரூபாய் வரைக்கும் போன சரக்கு இது. ஒரு கிலோவுக்கு ஐந்து ரூபாய் கூடினாலும் குறைந்தாலும் ஒரு குடும்பத்தின் கணக்கு மாறிப்போகும். அப்படிப்பட்ட சரக்கின் விலை இன்று திரையில் சில வினாடிகளில் தோன்றி மறைகிறது. அறை நிறையக் காதுகள் இருந்த இடத்தில் இப்போது ஒரு திரை மாத்திரம் இருக்கிறது. அந்தத் திரையோ கண்டதை மறுநிமிஷமே அழித்துவிட்டு அடுத்ததைக் காட்டும் சாட்சி.

ஏலம் ஓர் உதாரணமே. பட்டா, சிட்டா, சாதிச் சான்று, வருமானச் சான்று, ரேஷன், வங்கி, உதவித்தொகை எல்லாம் திரைக்குள் போய்விட்டன. நூறு நாள் வேலையில், 2023 ஜனவரி முதல், வேலைக்கு வந்தவர்களை ஒரு நாளைக்கு இரண்டு தடவை போனில் படமெடுத்து அனுப்பினால்தான் ஆஜர் என்று கட்டாயமாக்கினார்கள். மலையடிவாரத்தில் சிக்னல் கிடைக்காமல் அந்தப் படம் போய்ச் சேராவிட்டால் என்ன அர்த்தம்? நாள் முழுக்க மண்வெட்டி பிடித்தவள் வேலைக்கே வராதவள் என்று அர்த்தம்! கையில் மண் ஒட்டியிருக்கிறது. கணக்கில் ஆள் இல்லை. இதைவிட அநியாயம் வேறு வேண்டுமா?

எனக்கு நேர்ந்தது

பிறத்தியார் கதை எதற்கு? என் சொந்தக் கதையையே சொல்லுகிறேன். என் தங்கை மகள் கல்லூரியில் சேர்ந்த வருஷம், ஓர் உதவித்தொகைக்கு விண்ணப்பம் போட்டோம். எங்கே என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இன்னாரைக் குற்றம் சொல்லுவது என் நோக்கமல்ல. கடைசித் தேதிக்கு முந்தின இரண்டு நாளும் அந்தப் பக்கம் திறக்கவே இல்லை. கடைசி நாள் ராத்திரி பதினோரு மணிக்குத் திறந்தது. எல்லாவற்றையும் நிரப்பி, ‘சமர்ப்பி’ என்பதை அழுத்தினால், வட்டம் சுற்றிற்று, சுற்றிற்று, சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு வெள்ளைத் திரையில் இங்கிலீஷில் இரண்டு வரியும் ஓர் எண்ணும் வந்தன. நான் என்ன செய்தேன்? கோபத்தில் அதை மூடிவிட்டு மறுபடியும் அழுத்தினேன். இப்படி ஏழெட்டுத் தடவை செய்தபின், மணி பன்னிரண்டாகி, தேதி முடிந்தது.

மறுநாள் போய்ச் சொன்னேன். அங்கிருந்தவர் மரியாதையான மனுஷர்தான். “ஐயா, என்ன பிழை வந்தது?” என்று கேட்டார். “ஏதோ இங்கிலீஷில் வந்தது” என்றேன். “எத்தனை மணிக்கு?” என்றார். “ராத்திரி” என்றேன். “நீங்கள் முயற்சி செய்தீர்கள் என்பதற்கு ஏதாவது அத்தாட்சி உண்டா?” என்றார். என்னிடம் என்ன இருந்தது? என் வாய் இருந்தது. வாய்க்கு அங்கே மதிப்பில்லை.

இதிலே வேடிக்கை என்னவென்றால், அதே ராத்திரி அதே பிழையில் மாட்டிக்கொண்ட இன்னொரு பையன் மேலேயிருந்து இறங்கி வந்திருந்தான். தோட்டத்தில் காய் எடுக்கிறவளுடைய மகன். அவன் போனை நீட்டி நாலு படத்தைக் காட்டினான். ஒவ்வொன்றிலும் தேதி, மணி, பக்கத்தின் முகவரி, அவனுடைய விண்ணப்ப எண், அந்தப் பிழை எண் எல்லாம் இருந்தன. அவன் விண்ணப்பத்தை மேலே அனுப்பி எடுத்துக்கொண்டார்கள். எங்கள் பெண்ணுக்கு அந்த வருஷத்துப் பணம் போயிற்று. அவளுடைய அம்மா காதில் கிடந்ததைக் கழற்றி வைத்துச் சம்பளம் கட்டினாள்.

“எல்லாம் தலைவிதி, அண்ணே” என்றாள் என் தங்கை. நான் சொன்னேன்: “விதியுமில்லை, கிதியுமில்லை, தாயி. இரண்டு பொத்தானைச் சேர்த்து அழுத்தத் தெரியாத என் முட்டாள்தனம்.” முன்காலத்தில் எது கெட்டாலும் ‘விதி’ என்று சொல்லி வாயை மூடினார்கள். இன்று எது கெட்டாலும் ‘சர்வர் டவுன்’ என்று சொல்லி வாயை மூடுகிறார்கள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? விதியை யாரும் படம் பிடிக்க முடியாது. சர்வர் டவுனைப் படம் பிடிக்கலாம். அந்த அளவுக்கு நாம் அதிர்ஷ்டசாலிகள்! (சிரிப்பு)

நோட்டில் ஒட்டிய பூச்சி

கெட்டுப்போனதற்கு அத்தாட்சியை எடுத்து வைக்கவேண்டும் என்பது புதுப் புத்தியல்ல. 1947 செப்டம்பர் 9-ஆம் தேதி, அமெரிக்காவில் ஹார்வர்டு சர்வகலாசாலை செய்த மார்க் 2 என்ற பெரிய கணக்கு இயந்திரம் தப்பு விடை சொல்லிற்று. அதை ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் இயந்திரத்துக்குப் பேய் பிடித்தது என்று வேப்பிலை அடிக்கவில்லை. உள்ளே திறந்து தேடினார்கள். ஒரு ரிலேக்குள் விட்டில்பூச்சி ஒன்று சிக்கிச் செத்துக் கிடந்தது. அதை எடுத்துத் தூக்கி எறிந்துவிட்டார்களா? இல்லை. இத்தனை மணிக்கு, இன்ன ரிலேயில் கிடைத்தது என்று வேலை நோட்டில் எழுதி, அந்தப் பூச்சியையே பசைத்தாளால் அந்தப் பக்கத்தில் ஒட்டி வைத்தார்கள். அந்த நோட்டும் பூச்சியும் இன்றைக்கும் அமெரிக்க தேசியச் சரித்திர மியூசியத்தில் பத்திரமாய் இருக்கின்றன.

ஸ்கிரீன்ஷாட் என்பது அந்தப் பூச்சியை நோட்டில் ஒட்டுவதுதான். வேறொன்றுமில்லை. 1981-ல் ஐ.பி.எம். கம்பெனி வெளியிட்ட சொந்தக் கம்ப்யூட்டரிலேயே திரையில் உள்ளதைக் காகிதத்தில் அச்சடித்து எடுக்க ஒரு பொத்தான் வைத்திருந்தார்கள். அதனால்தான் இன்றைக்கும் அந்தப் பொத்தானுக்குப் ‘பிரிண்ட் ஸ்கிரீன்’ என்று பெயர். நாற்பது வருஷத்துக்கு மேலாக அந்தப் பொத்தான் நம் கண்ணெதிரே இருக்கிறது. அதன்மேல் தூசி படிய விட்டது நம்முடைய குற்றம்.

சீமையில் நடந்த அக்கிரமம்

“கம்ப்யூட்டர் தப்புச் செய்யுமா? தப்பு மனுஷனுடையதாகத்தான் இருக்கும்” என்று படித்தவர்களே சொல்லக் கேட்கிறோம். இந்த மூடநம்பிக்கை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு இங்கிலாந்தைப் பாருங்கள். அங்கே 1999 முதற்கொண்டு தபாலாபீஸ் கணக்குக்கெல்லாம் ஹொரைசன் என்ற கம்ப்யூட்டர் முறையை வைத்தார்கள். அது பணம் குறைகிறது, பணம் குறைகிறது என்று காட்டிற்று. கிளைத் தபாலாபீஸ் நடத்தினவர்கள், அவர்களில் நம் தேசத்து வம்சத்தாரும் அநேகர், “நாங்கள் எடுக்கவில்லை, இயந்திரம்தான் தப்பாய்க் காட்டுகிறது” என்று கதறினார்கள். யார் கேட்டார்கள்? கம்ப்யூட்டர் சரியாகத்தான் வேலை செய்யும் என்று வைத்துக்கொள்ளவேண்டும் என்பதாக அந்த நாட்டுச் சட்டமும் ஓர் அனுமானம் வைத்திருந்தது. 2015 வரையில் 900 பேருக்கு மேல் திருடர், மோசக்காரர் என்று தண்டிக்கப்பட்டார்கள். வீட்டை விற்றவர்கள் உண்டு. ஜெயிலுக்குப் போனவர்கள் உண்டு. உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு.

வேல்ஸில் லாண்டுட்னோ என்ற ஊரில் தபாலாபீஸ் நடத்திய ஆலன் பேட்ஸ் என்பவர், இயந்திரம் சொன்ன கடனை ஒத்துக்கொள்ளவில்லை. கணக்கைத் தாமே சரிபார்த்து, ஆட்சேபணையை எழுத்தில் எழுதி, காகிதங்களைப் பத்திரப்படுத்தினார். 2003-ல் அவருடைய தபாலாபீஸை எடுத்துக்கொண்டார்கள். அவர் விடவில்லை. தம்மைப்போல் பாதிக்கப்பட்டவர்களைத் தேடிச் சேர்த்து, 555 பேர் சேர்ந்து வழக்காடி, அந்தக் கம்ப்யூட்டர் முறையில் பிழைகள் இருந்தன என்று 2019 டிசம்பரில் கோர்ட்டுத் தீர்ப்பு வாங்கினார்கள். 2024-ல் பார்லிமெண்டே சட்டம் போட்டுத் தண்டனைகளை ரத்து செய்தது. இருபது வருஷமாயிற்று, தோழர்களே! சீமையில், படித்தவர்களுக்கே இந்தக் கதி. அப்படியானால் போடிமெட்டுக்கு ஜீப்பில் ஏறிப் போகிற நம் தாய்மார்களின் வார்த்தையை எந்தக் கம்ப்யூட்டர் கேட்கப்போகிறது? ஆகவே, வார்த்தையை மாத்திரம் நம்பியிராமல் அத்தாட்சியையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள் என்கிறேன்.

செய்யும் விதம்

இனி எப்படிச் செய்வது என்பதைச் சொல்லுகிறேன். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் பவர் பொத்தானையும் சத்தத்தைக் குறைக்கிற பொத்தானையும் ஒன்றாய் ஒரு வினாடி அழுத்தினால் போதும், திரை படமாகிவிடும். விண்டோஸ் கம்ப்யூட்டரில் விண்டோஸ் பொத்தானையும் பிரிண்ட் ஸ்கிரீன் பொத்தானையும் சேர்த்து அழுத்தினால் படம் தானாகவே ஒரு கோப்பாகச் சேமிக்கப்படும். இ-சேவை மையத்தில் உட்கார்ந்திருந்தால், “தம்பி, அதை மூடுவதற்கு முன்னே ஒரு படம் எடுத்து என் போனுக்கு அனுப்பு” என்று கேளுங்கள். அது உங்கள் விண்ணப்பம்; கேட்க உங்களுக்கு உரிமையுண்டு. ரேஷன் கடை இயந்திரத்தைப்போல மற்றவர் கையில் இருக்கும் இயந்திரமானால், கைரேகை விழவில்லை என்று அது காட்டும்போது உங்கள் போனால் அதன் முகத்தைப் படமெடுங்கள். காய் பறித்துப் பறித்து ரேகை தேய்ந்த விரல் அது, தேய்ந்தது உழைப்பினால், அதற்காக அரிசியை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

சில வங்கிச் செயலிகளில் படம் எடுத்தால் கறுப்பாகவே விழும். பயந்துவிடாதீர்கள். பாதுகாப்புக்காக அப்படி அடைத்து வைத்திருக்கிறார்கள். அப்போது பக்கத்திலிருப்பவருடைய போனை வாங்கி, உங்கள் திரையைப் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

மலைச்சரிவில் இருக்கிறவர்களுக்கு ஒரு முக்கியமான வார்த்தை. படம் எடுக்கச் சிக்னல் வேண்டியதில்லை. இதைப் பல பேர் தெரிந்துகொள்ளவில்லை. கொட்டகுடிப் பக்கத்திலோ, தோட்டத்து லயத்திலோ டவர் இல்லாத இடத்தில், “அனுப்ப முடியவில்லை” என்று போன் சொல்லுகிறபோதே படம் எடுங்கள். அது போனிலேயே தேதியோடும் மணியோடும் இருக்கும். சாயந்திரம் போடிக்கு இறங்கினதும் அனுப்பிக்கொள்ளலாம். சிக்னல் இல்லை என்பதற்கே சிக்னல் இல்லாத படம்தான் அத்தாட்சி!

படம் எடுப்பதிலும் யோசனை வேண்டும். முழுத் திரையையும் எடுங்கள். அழகுக்காக ஓரத்தை வெட்டாதீர்கள். மேலே இருக்கும் மணியும், பக்கத்தின் முகவரியும், விண்ணப்ப எண்ணும் அந்த ஓரத்தில்தான் இருக்கின்றன. பிழை வந்த படம் ஒன்று மாத்திரம் போதாது. அதற்கு முந்தின படியையும் எடுங்கள். எடுத்த உடனே ஒரு காகிதத்தில் மூன்றே மூன்று வரி எழுதுங்கள்: நான் செய்தது என்ன, வரவேண்டியது என்ன, வந்தது என்ன. உலகத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது இந்த மூன்றைத்தான். “வேலை செய்யவில்லை” என்று சொன்னால் வைத்தியரிடம் போய் “உடம்பு சரியில்லை” என்று மாத்திரம் சொன்னது போலாகும். எங்கே வலி, எப்போதிலிருந்து என்று சொன்னால்தானே மருந்து?

ஓடும் படம் எப்போது வேண்டும் என்றால், பிழை கண்சிமிட்டுகிற நேரத்தில் வந்து மறைகிறபோது வேண்டும். அல்லது ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போகையில் காரியம் கெடுகிறபோது வேண்டும். 2020-ல் வந்த ஆண்ட்ராய்டு 11 முதல் போனிலேயே அந்த வசதி இருக்கிறது. மேலிருந்து கீழே இழுத்தால் ஸ்கிரீன் ரெக்கார்டு என்று இருக்கும். ஐபோனில் 2017 முதலே உண்டு. விண்டோஸ் 11-ல் ஸ்னிப்பிங் டூல் என்பதிலேயே செய்யலாம். பிழை வந்தபின் ஆரம்பித்துப் பிரயோஜனமில்லை. முதலிலிருந்து ஆரம்பித்து, “இப்போது பெயரை நிரப்புகிறேன், இப்போது அழுத்துகிறேன்” என்று வாயாலும் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். இரண்டு நிமிஷம் போதும். சினிமா எடுக்க வேண்டாம்.

எண் சொல்லும் உண்மை

பிழை வரும்போது திரையில் ஓர் எண் வரும் என்றேனே, அது வெறும் எண் அல்ல. யார்மேல் தப்பு என்று அந்த எண்ணே பெரும்பாலும் சொல்லிவிடும். 404 போல நாலில் ஆரம்பித்தால், கேட்ட பக்கம் அங்கே இல்லை, அல்லது கேட்ட விதத்தில் ஏதோ கோளாறு என்று அர்த்தம். 500, 503, 504 போல ஐந்தில் ஆரம்பித்தால், கோளாறு பதில் சொல்லவேண்டிய சர்வர் பக்கத்தில் என்று அர்த்தம். அன்று ராத்திரி என் திரையில் வந்ததும், அந்தப் பையன் படத்தில் இருந்ததும் 504. அதாவது, “தப்பு எங்களுடையது” என்று அந்தக் கம்ப்யூட்டரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. அவன் அந்தக் கையெழுத்தை வாங்கி வைத்தான். நான் கிழித்துப்போட்டேன்.

பண விஷயத்திலும் இப்படியே. யு.பி.ஐ.யில் ஒருவர் கணக்குக்கு அனுப்பின பணம் உங்கள் கணக்கிலிருந்து போய், அவர் கணக்கில் சேராவிட்டால், மறுநாளுக்குள் அது தானாகத் திரும்பி வரவேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு நாளைக்கும் 100 ரூபாய் நஷ்டஈடு கொடுக்கவேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் உத்தரவு போட்டிருக்கிறது. கடைக்காரருக்குக் கட்டினதாயிருந்தால் அதற்கு ஐந்து நாள் தவணை. இதை யார் நமக்குச் சொன்னார்கள்? அந்த 100 ரூபாயைக் கேட்க வேண்டுமானால் தேதி, தொகை, அந்தப் பன்னிரண்டு இலக்க எண் மூன்றும் இருக்கிற படம் உங்களிடம் இருக்கவேண்டும். மோசக்காரன் பணத்தைப் பறித்துவிட்டால் 1930 என்ற எண்ணுக்கு உடனே பேசுங்கள். அங்கேயும் முதலில் கேட்பது இதைத்தான்.

படமும் பொய் சொல்லும்

இவ்வளவு சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் நான் யோக்கியனல்ல. படத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது. பணம் அனுப்பினதாகப் பொய்ப் படம் தயார் செய்து, கடைக்காரரிடம் காட்டிச் சரக்கை வாங்கிக்கொண்டு போகிற புரட்டர்கள் இருக்கிறார்கள். ஆகவே, வியாபாரித் தோழர்களே! வாங்க வந்தவருடைய திரையைப் பார்க்காதீர்கள். உங்கள் கணக்கைப் பாருங்கள். நம்முடைய படம் நமக்குச் சாட்சி. பிறத்தியார் காட்டும் படம் விசாரணைக்கு உட்பட்டது. எந்தச் சாட்சியையும் குறுக்கு விசாரணை செய்யாமல் ஏற்பவன் அறிவாளியல்ல.

படத்தைப் பிறருக்கு அனுப்பும்போது ஆதார் எண், கணக்கு எண் இவைகளை மறைத்து அனுப்புங்கள். ஓ.டி.பி. எண் தெரிகிற படத்தை யாருக்கும் அனுப்பாதீர்கள். “உங்கள் பிழையை நான் சரிசெய்கிறேன், இந்தச் செயலியை இறக்கி உங்கள் திரையை எனக்குக் காட்டுங்கள்” என்று முகந்தெரியாத ஒருவன் போனில் பேசினால் உடனே வைத்துவிடுங்கள். நாம் திரையைப் படம் பிடிப்பது நம் வீட்டு ஜன்னலை வரைந்து வைப்பது. அவன் கேட்பது வாசல் சாவி.

கோர்ட்டு வரையில் போகவேண்டி வந்தால், எடுத்த மூலப் படத்தை அழிக்காதீர்கள். எடுத்த போனையும் விற்றுவிடாதீர்கள். மூலப் போனைக் கொண்டுவராமல் நகலைக் காட்டினால் அதற்குத் தனிச் சான்றிதழ் வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2020-ல் தெளிவாய்ச் சொல்லியிருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவிலும் அந்தச் சான்றிதழ் உண்டு. வாட்ஸ்அப்பில் சாதாரணமாய் அனுப்பினால் படம் சுருங்கித் தெளிவு கெடும். டாக்குமெண்டாக அனுப்பினால் உள்ளபடியே போகும்.

வேண்டுகோள்

தோழர்களே! நான் நெடுநேரம் பேசிவிட்டேன். உங்களைப் பெரிய தியாகம் எதுவும் செய்யச் சொல்லவில்லை. ஒவ்வொரு தெருவிலும், ஒவ்வொரு லயத்திலும், எட்டாவது படிக்கிற ஒரு பையனோ பெண்ணோ இருப்பார்கள். அவர்களைக் கொண்டு வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு அந்த இரண்டு பொத்தானைக் காட்டிக்கொடுக்கச் செய்யுங்கள். முக்கியமாய்ப் பெண்களுக்குக் காட்டிக்கொடுங்கள். காய் பொறுக்கும் கூலி வரவில்லை என்று அவள் போய்க் கேட்டால், “கணக்கில் எல்லாம் சரியாக இருக்கிறது, அக்கா, போய் வாருங்கள்” என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். “கணக்கில் இருப்பதைத்தான் தம்பி நானும் படமாய் வைத்திருக்கிறேன், இந்தா பார்” என்று அவள் போனை நீட்டுகிற நாளில், எதிரே இருப்பவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார். (கரகோஷம்)

போன வாரம் என் தங்கை மகள் தன் இரண்டாம் வருஷ விண்ணப்பத்தைப் போட்டாள். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு படம் எடுத்தாள். இந்தத் தடவை ஒரு பிழையும் வரவில்லை. “மாமா, இத்தனை படமும் வீண்தானே?” என்று கேட்டாள். “வீணாய்ப் போகட்டும், அம்மா, அழிக்காமல் வைத்திரு” என்றேன். உங்களுக்கும் அதையே சொல்லி முடித்துக்கொள்கிறேன்.